குளத்தை உடைக்கும்போதே சோலாருக்கு வழி வைக்க வேண்டுமா? (கண்டனூர் வீடு, பின்கட்டு)

கண்டனூர்ப் பேத்தி

வணக்கம். எங்கள் வீடு கண்டனூரில் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டாம் கட்டைத் தாண்டி, மாட்டுக் கொட்டிலும் வைக்கோற்போரும் இருந்த இடத்தில் 2013-இல் என் தம்பி ஒரு நீச்சல் குளம் கட்டினான். 26 அடி நீளம், 13 அடி அகலம். ஆழம் ஒரு பக்கம் மூன்றரை அடி, மறு பக்கம் ஐந்தரை. கட்டியவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். குளம் எங்கள் தலையில்.

ஒரு வருடமாகத் தண்ணீர் இறங்குகிறது. குளத்தின் படியில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, வாளியில் எவ்வளவு குறைகிறது, குளத்தில் எவ்வளவு குறைகிறது என்று மூன்று நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். வெயில் குடிப்பதைப்போல மூன்று மடங்கை மண் குடிக்கிறது. ஆகவே மாசி பிறந்ததும் டைல்ஸ் முழுவதையும் பெயர்த்து, கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, குழாய்களையும் புதிதாகப் போடப்போகிறோம். குளத்தைச் சுற்றியுள்ள நடைதளமும் உடைபடுகிறது.

கேள்விக்கு வருகிறேன். ஆத்தாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்று அறுவை முடிந்தது. தினமும் அரை மணி நேரம் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி பார்க்கும் பெண். சித்திரை முதல் புரட்டாசி வரை ஆத்தா ஒரு நாள் தவறுவதில்லை. ஐப்பசி பிறந்தால் முதல் படியில் கால் வைப்பார்கள், எடுத்துவிடுவார்கள். இந்த மார்கழியில் ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிப் போட்டுப் பார்த்தேன். காலை ஆறரை மணிக்கு இருபத்து நான்கரை டிகிரி. பிற்பகலிலும் 26-ஐத் தாண்டவில்லை. "இதில் நடப்பதற்கு நான் நொண்டியபடியே இருந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

சூரிய வெப்பத்தில் குளத்தைச் சூடாக்கலாம் என்று படித்தேன். இந்த வருடம் அதற்குப் பணம் இல்லை. குளத்துக்கே நாக்குத் தள்ளுகிறது. இரண்டு வருடம் கழித்துத்தான் முடியும். ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் குளம் முடியட்டும்" என்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாமா, அல்லது இப்போதே செய்து வைக்க வேண்டியது ஏதாவது உண்டா?

இன்னொன்று. பேனலைக் கூரையில் வைக்க வேண்டும் என்கிறார்கள். வளவுக் கூரை (நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியின் ஓட்டுக்கூரை) ஐந்து பங்காளிகளுக்கும் பொது. அதில் ஓர் ஓடு மாற்றுவதற்கே மலேசியா, சென்னை, கோயம்புத்தூர் என்று மூன்று ஊருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். கூரை வேண்டாம் என்ற முடிவோடுதான் கேட்கிறேன்.

வெயில் தின்றவன்

செட்டிநாட்டில் குளத்தைச் சூடாக்க யோசனை கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான். சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்தால் கை பொத்துப்போகிறது. வேண்டுமானால் இரண்டு லாரி அனுப்பிவைக்கிறேன்.

கண்டனூர்ப் பேத்தி

சித்திரையில் அனுப்பாதீர்கள், மார்கழியில் அனுப்புங்கள்.

செம்புறாங்கல்

ஆச்சி, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விலை பதினான்கு ஆத்தங்குடிக் கல். சொல்கிறேன்.

நான் பள்ளத்தூர்க்காரன். கட்டட வேலை மேற்பார்வையில் முப்பத்திரண்டு வருடம். ஊருக்கெல்லாம் குழாய் எங்கே போட வேண்டும் என்று சொன்னவன், என் வீட்டில் கோட்டை விட்டேன். 2016-இல் பேரப்பிள்ளைகளுக்காகப் பின்னால் ஒரு சிறிய குளம் கட்டினேன். குளத்துக்கும் பம்பு அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம். அதில் ஆத்தங்குடிக் கல் பாவினேன். (ஈரக்கால் படும் இடத்தில் அதைப் பாவக் கூடாது, வழுக்கும். அதையும் தெரிந்தே செய்தேன். ஆசை.) அடுத்த வருடம் சோலார் போட நினைத்தபோது, பம்பு அறையிலிருந்து பேனலுக்குப் போக அந்தத் தாழ்வாரத்தைக் குறுக்கே வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பதினான்கு கல் போயிற்று. அதே பட்டறைக்குத்தான் போனேன். அதே அச்சு, அதே கண்ணாடி மேல் வார்த்துத் தந்தார்கள். ஆனால் பழைய கல்லின் சிவப்பு, பிள்ளைகள் நடந்து நடந்து மெருகேறிய சிவப்பு. புதியது அதன் நடுவே, பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தவரைப்போல இன்றும் தனியே தெரிகிறது.

ஆகவே என் பதில் இதுதான். பேனல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தளத்துக்கு அடியில் போக வேண்டியது மட்டும் தளத்துக்கு முன்னால் போய்விட வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது மூன்று குழாய். பம்பு அறையிலிருந்து, பிற்காலத்தில் பேனல் வரப்போகும் இடம் வரை. இரண்டு 63 மில்லிமீட்டர் பிவிசி, ஒன்று தண்ணீர் போக, ஒன்று திரும்பி வர. மூன்றாவது சென்சார் கம்பிக்கு 25 மில்லிமீட்டர் குழாய், உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். பின்னால் கம்பியைக் கட்டி இழுக்க அந்தக் கயிறுதான் உதவும். உங்கள் அளவுக்கு 50 மில்லிமீட்டர் குழாயே தாங்கும், ஆனாலும் மண்ணுக்குள் போவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது பம்பு அறை. மணல் பில்டரைத் தாண்டி, குளோரின் கலக்கும் இடத்துக்கு முன்னால், குழாயில் இரண்டு டீ (T வடிவ இணைப்பு) வைக்கச் சொல்லுங்கள். முதல் டீயில் நீர் பேனலுக்குப் பிரியும், இரண்டாவதில் வந்து சேரும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி நேர்க்குழாய் விட்டு வையுங்கள், நீரைப் பேனலுக்கோ நேராகக் குளத்துக்கோ திருப்பும் மூவழி வால்வு பின்னால் அங்கேதான் உட்கார வேண்டும். பில்டருக்கும் முதல் டீக்கும் நடுவே ஒரு செக் வால்வு (நீரைத் திரும்பி வரவிடாத ஒருவழி வால்வு) கட்டாயம். அதை நான் போடவில்லை. மாலையில் பம்பு நின்றதும் கூரையிலிருந்த தண்ணீர் முழுவதும் பில்டர் வழியாகப் பின்னோக்கி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால், வடிகட்டிக் கூடையில் சேர்ந்திருந்த வேப்பிலை எல்லாம் ஸ்கிம்மர் (மேல்மட்ட நீரை இழுக்கும் திறப்பு) வாய் வழியாகக் குளத்துக்கே திரும்பி வந்து மிதந்துகொண்டிருந்தது. வேலைக்காரப் பையன் சுத்தம் செய்யவில்லை என்று ஒரு வாரம் அவனைத் திட்டினேன். பாவம் அவன்.

எவ்வளவு பேனல் வேண்டும்? கலெக்டர் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள், சிவகங்கைக் கலெக்டர் அல்ல. குளத்துக்கு வருவது கண்ணாடி போட்ட பேனல்கூட அல்ல, கறுப்புப் பாய்போல இருக்கும் பாலிபுரொப்பிலீன் அல்லது ரப்பர். குளத்தின் மேற்பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை போடுவது வழக்கம். உங்கள் குளம் 338 சதுர அடி. 270 சதுர அடி பாய் போட்டால் நியாயமாக இருக்கும்.

கணக்கு பார்த்துவிடலாம். உங்கள் குளத்தில் ஏறத்தாழ 43,000 லிட்டர் தண்ணீர். அதை ஒரு டிகிரி ஏற்ற 50 யூனிட் வெப்பம் வேண்டும். மார்கழி வெயிலில் 270 சதுர அடிப் பாய் நல்ல நாளில் அறுபது எழுபது யூனிட் பிடிக்கும். அதாவது நாளுக்கு ஒன்றேகால், ஒன்றரை டிகிரி. இரவில் அதைத் தொலைக்காமல் இருந்தால்தான் அடுத்த நாள் கூடும். திறந்த குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாகத்தான் போகிறது. குளத்தின் மேல் விரிக்க ஒரு மூடி இல்லாமல் பேனல் போடுவது ஓட்டைப் பானையில் நீர் இறைக்கிற வேலை.

32 டிகிரி வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். மூடியோடு 29, 30 வரும் என்று நான் சொல்வேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுவும் வராது, வெயில் இருந்தால்தானே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். குளத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது?

துரு

காரைக்குடியில் அரிமானம் சம்பந்தப்பட்ட ஆய்வு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். குழாய் போடும் விதத்தைச் செம்புறாங்கல் சொல்லிவிட்டார். பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாமிரப் பேனல் விற்க வருவார்கள். வீட்டுக் குளியலறைக்கு அது நல்லது. குளத்து நீருக்கு வேண்டாம். குளோரின் கலந்த நீரின் பிஎச் 7.2-க்குக் கீழே இறங்கினால் தாமிரம் கரையத் தொடங்கும். கரைந்தது குளத்தின் சுவரில் பச்சையாகப் படியும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்தால் கேட்கவே வேண்டாம். பாலிமர்ப் பாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பிவிசி குழாய் மண்ணுக்குள் நன்றாக இருக்கும். வெயிலில் வெறுமனே விட்டால் சில வருடங்களில் மொறுமொறுப்பாகிவிடும், வெளியே தெரியும் பகுதிக்குப் பெயிண்ட் அடியுங்கள். பம்பு நின்ற பகலில் வெற்றுப் பேனல் கடுமையாகக் காயும். அப்போது அதை ஒட்டியிருக்கும் பிவிசி இளகிக் கோணும். முதல் நான்கைந்து அடிக்குச் சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. மூரியாட்டிக் அமிலக் கேனையும் குளோரின் டப்பாவையும் பம்பு அறையிலேயே வைப்பார்கள். முதலில், அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் நச்சுப்புகை. கலக்காவிட்டாலும், அமிலக் கேனின் மூடி வழியாகக் கசியும் ஆவி போதும், ஒரு மழைக்காலத்துக்குள் மின் பெட்டியின் திருகுகள் பச்சை பூக்கும், மோட்டாரின் கட்டுகள் துருவேறும். பின்னால் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கப்போகிறீர்கள் என்றால், இப்போதே மருந்துக்குத் தனியாகக் காற்றோட்டமுள்ள ஒரு மாடம் கட்டச் சொல்லுங்கள். அதைக் கட்ட நூறு செங்கல்கூட ஆகாது.

தேவகோட்டை விடுதிக்காரன்

பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றிய இடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் நான்கு வருடமாகக் கறுப்புப் பாய் ஓடுகிறது. மார்கழி, தையில்தான் வெளிநாட்டு விருந்தினர் கூட்டம். குளிரிலிருந்து வருகிறவர்கள்தான், ஆனாலும் விடியற்காலையில் நம் தண்ணீரில் இறங்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

மூடியைப் பற்றிச் சொல்கிறேன். குமிழ் வைத்த பிளாஸ்டிக் மூடி, குமிழ் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். உங்கள் குளத்து மூடியைக் கையால் இழுத்துச் சுருட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் இரண்டு பேர் வருவார்கள். மூன்றாம் நாள் ஒருவர். அடுத்த வாரம் மூடி தென்னை மரத்தடியில் கிடக்கும். மூடியைச் சுற்றி எடுக்கும் உருளை வைத்தால் மட்டுமே மூடி பயன்படும். உருளைக்குக் குளத்தின் குறுக்குப் பக்கம் ஒன்றில் மூன்றடி இடம் வேண்டும். நடைதளம் போடும்போதே அதன் கால்களுக்கு நான்கு போல்ட்டைக் கான்கிரீட்டில் பதித்துவிடுங்கள். எங்கள் உருளை தளத்தைத் துளைத்துப் பின்னால் வைத்தது, துளை வழியாக நீர் இறங்கி ஒரு கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இந்த மூடி குழந்தைக்குப் பாதுகாப்பு அல்ல, மேலே கால் வைத்தால் மூழ்கும். பொங்கலுக்குப் பிள்ளைகள் வரும் வீடு என்றால் வேலியும் பூட்டும் தனியாக வேண்டும்.

மயில். குன்றக்குடிப் பக்கம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், இப்போது எல்லாப் பக்கமும் வருகின்றன. எங்கள் முதல் மூடியை ஒரே மாதத்தில் நகத்தால் கிழித்தன. தண்ணீர் குடிக்க வந்து மூடிமேல் நடக்கின்றன. பக்கத்திலேயே ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்த பிறகுதான் மூடி பிழைத்தது.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு உதவும். சித்திரை, வைகாசியில் எங்கள் குளம் 33 டிகிரி வரை போகும், குளித்தால் வியர்க்கும். அப்போது பகலில் பேனலை அடைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் பம்பை ஓட்டுகிறோம். வானம் பார்த்துக் கிடக்கும் கறுப்புப் பாய் இரவில் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். மூடியையும் கழற்றி வைத்தால் விடியும்போது ஒன்றிரண்டு டிகிரி இறங்கியிருக்கும். ஒரே பேனல் இரண்டு பருவத்துக்கும் உழைக்கிறது.

மீட்டர் வாசகன்

ஒரு மாற்று யோசனை. பாய்க்குப் பதிலாக 3 கிலோவாட் மின் பேனலும் குளத்துக்கான ஹீட் பம்பும். 3 கிலோவாட் நம் பக்கம் நாளுக்குச் சராசரியாகப் 12 யூனிட் தரும். ஹீட் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கைந்து யூனிட் வெப்பம் தரும், அது காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதால். ஆக ஐம்பது அறுபது யூனிட் வெப்பம், அதாவது செம்புறாங்கல் சொன்ன பாய் அளவுக்கே வருகிறது. மேகமூட்டத்திலும் ஓடும், 32 டிகிரியும் கிடைக்கும். குளம் சூடாகத் தேவையில்லாத எட்டு மாதம் மின்சாரம் வீட்டுக்கு உதவும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மானியம் மின் பேனலுக்குத்தான், ஹீட் பம்புக்கு இல்லை. ஹீட் பம்பு பாயைவிட விலை கூடுதல், அதில் கெட்டுப்போவதற்குப் பாகங்களும் அதிகம்.

செம்புறாங்கல்

மீட்டர் வாசகன் சொல்வது சரிதான். எந்த வழியில் போனாலும் அந்த இரண்டு டீயும் பம்பு அறையில் இருந்தால் ஹீட் பம்பையும் அதிலேயே மாட்டலாம். ஆத்தாவுக்கு 32 கட்டாயம் என்று மருத்துவர் சொன்னால் இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம்: பாய் பெரும்பகுதியைச் செய்யும், ஹீட் பம்பு மிச்சத்தை. இப்போது அதற்காகச் செய்ய வேண்டியது பம்பு அறைக்கு ஒரு கனமான மின் இணைப்புக் குழாய் மட்டும்.

ஆச்சி, தெற்கே என்ன என்று கேட்டேனே?

கண்டனூர்ப் பேத்தி

அண்ணன், பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, அளந்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். தெற்கே பக்கத்து வீட்டின் பின்சுவர். மாடிக் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 20 அடி உயரம். சுவருக்கும் குளத்துக்கும் நடுவே ஆறடி இடைவெளி. குளம் கிழமேல் நீளம். வடக்கே குளத்தைத் தாண்டி 16 அடி வெற்றுமண், அப்புறம் மதில். பம்பு அறை தென்மேற்கு மூலையில், அதை அப்படியே வைத்துக்கொள்கிறோம். உடை மாற்றவும் குளிக்கவும் புதிதாக ஓர் அறை கட்ட வேண்டும், ஆத்தாவுக்காக. அதைத் தெற்கு இடைவெளியில் சுவரோடு ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கச் சுவர்ச் செலவு மிச்சம் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

நேற்று நீங்கள் கேட்டதை நினைத்துப் பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றேன். சுவரின் நிழல் குளத்துக்குள் விழுந்துகிடந்தது. விளிம்பிலிருந்து சாட்டைக்கம்பை நீட்டி அளந்தேன், ஐந்தடி. இத்தனை வருடம் பார்த்த நிழல்தான், ஆனால் இதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை.

செம்புறாங்கல்

பன்னிரண்டரைக்குப் போனது நல்லது. தை மாதத்தில் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த நேரத்தை ஒட்டித்தான்.

இப்போதே ஐந்தடி என்றால் மார்கழியில் ஏழடி. காரைக்குடி பத்தாம் அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 ஒட்டி நண்பகல் சூரியன் 56 டிகிரி உயரத்தில், தெற்கே சாய்ந்து நிற்கும். 20 அடிச் சுவருக்கு 13 அடி நிழல். ஆறடி மண்ணில் போனது போக ஏழடி தண்ணீரில். உங்கள் குளத்தின் அகலமே 13 அடி. குளிர்காலம் முழுக்கப் பாதிக் குளம் உச்சி வெயிலையே பார்ப்பதில்லை. சித்திரையில் சூரியன் தலைக்கு நேராக வந்துவிடுவதால் அதே குளம் முழுக்க வெந்துபோகிறது. ஆத்தா படியில் காலை வைத்து எடுத்தது எந்தப் பக்கத்துப் படி? தெற்குப் பக்கம் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பக்கத்து வீட்டுச் சுவரை நாம் இடிக்க முடியாது. ஆனால் தெற்கே இன்னொன்றைக் கட்டாமல் இருக்கலாம். அந்த அறையை வடக்கே கொண்டுபோங்கள். குளத்து விளிம்பிலிருந்து ஆறடி விட்டு, 26 அடி நீளம், பத்தடி அகலம். மதிலே அதற்குப் பின்சுவர், ஒப்பந்தக்காரர் சொன்ன மிச்சமும் கிடைக்கும். மதில் உங்களுடையதுதானே, அதிலும் பங்காளி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையைத் தெற்குப் பார்த்துச் சரித்துப் போடுங்கள், தகரக் கூரை போதும். அட்சரேகைக்கு மேலே பத்துப் பதினைந்து டிகிரி சேர்த்தால் குளிர்கால வெயிலுக்கு ஏற்ற சாய்வு. 20 டிகிரி வையுங்கள். கொத்தனாரிடம் டிகிரி என்றால் தலையைச் சொறிவார். "வடக்குச் சுவர் தெற்குச் சுவரைவிட மூன்றரை அடிக்குச் சற்று மேல்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். அப்படிப் போட்டால் கூரையின் பரப்பு 276 சதுர அடி வருகிறது. பாய் அளவு அதுதான். சுவரிலிருந்து 25 அடி தள்ளி இருப்பதால் மார்கழி நிழலும் எட்டாது. தண்ணீரோடு சேர்த்தாலும் பாயின் எடை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்குள்தான், கூரை தாங்கும். ஆடிக்காற்று தூக்கிவிடாமல் இருக்கக் கட்டுக்கம்பி போட இப்போதே வளையங்களை வெல்டிங் செய்து வையுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. மார்கழி வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. தண்ணீர் மேல் காற்று தவழ்ந்தால் ஆவி கூடும், குளிர் கூடும். வடக்கே நிற்கும் அறை அதை மறித்துக்கொள்ளும். பங்காளிகளிடம் ஓட்டுக்காகப் பேச வேண்டியதும் இல்லை.

பின்னால் பாய் மாட்டிய அன்று ஒரு சந்தேகம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் குழாயைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே, ஏமாற்றிவிட்டான்" என்பீர்கள். குளத்து நீரைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக வரும். அதுதான் சரி. நிறையத் தண்ணீரை வேகமாக ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பாய் குளிர்ந்தே இருக்கும், வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்காது. கொதிக்கக் கொதிக்க வருகிறது என்றால் ஓட்டம் போதவில்லை என்று பொருள்.

கண்டனூர்ப் பேத்தி

தெற்குப் பக்கத்துப் படிதான், அண்ணன். கைப்பிடிக் கம்பி அங்கே மட்டும்தான் இருக்கிறது. படியையும் கம்பியையும் வடக்குப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டேன்.

மதில் முழுக்க அப்பச்சி பெயரில், பத்திரத்தைப் பார்த்துவிட்டேன். ஒப்பந்தக்காரர் முதலில் முகத்தைத் தூக்கினார். பன்னிரண்டரை மணிக்கு அவரையே குளத்தோரம் நிறுத்தினேன். நிழலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய், மாலையில் புது வரைபடத்தோடு வந்தார். பம்பு அறையிலிருந்து மேற்குப் பக்கத்தைச் சுற்றி வடக்கு அறைவரை மூன்று குழாய், 40 அடி. மருந்து மாடம் தனியாக. உருளைக்கு போல்ட் கிழக்கு ஓரத்தில். இவ்வளவுக்கும் சேர்த்து அவர் கேட்ட கூடுதல் தொகை, நான் பயந்ததைவிடக் குறைவுதான்.

குழாய் போட்டதும் அப்படியே மண்ணை மூடிவிடலாமா?

செம்புறாங்கல்

மூடாதீர்கள். இரண்டு குழாயிலும் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் ஆற்று மணலைச் சுற்றிப் போட்டு மூடுங்கள், செம்புறாங்கல் சல்லி குழாயில் நேராகப் படக் கூடாது. மூடுவதற்கு முன் அளவு நாடாவைக் கிடத்தி நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதிலிலிருந்து எத்தனை அடி, குளத்து விளிம்பிலிருந்து எத்தனை அடி என்று தெரிய வேண்டும். முனைகளுக்குப் பசை போட்டு ஒட்டும் மூடி வேண்டாம், திருகு மூடி போடுங்கள். மேலே "சோலார்" என்று பெயிண்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வரும் பிளம்பர் அதைக் கழிவுநீர்க் குழாய் என்று நினைத்து எதையாவது இணைத்துவிடுவார்.